உடைந்தால் வேறு இடத்தில்தான் உடையும்

தட்டான் தலைகீழாக வந்து தரையில் குத்தியபோது, கண்ணாடிக்காரன் வட்டத்துக்கு வெளியே எண்ணெய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்து பெருமையில் ஊறிக்கொண்டிருந்தான். அந்த நிமிடம் வரை எல்லாம் அவ்வளவு நன்றாகப் போயிருந்தது.

தட்டான் அவன் கட்டிய விமானம். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு இறக்கை, மஞ்சள் உடம்பு, மூக்கில் முஷ்டி அளவு எஞ்சின். ரேடியோ, பொத்தான் எதுவும் கிடையாது. ஒரு பக்க இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் இருபது மீட்டர் நீளத்துக்கு ஓடி ஒரு கைப்பிடியில் வந்து முடியும். கைப்பிடியோடு நடுவில் ஒருவர் நின்று சுழல, விமானம் அவரைச் சுற்றிப் பறக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். இந்த இரண்டே அசைவை வைத்துக்கொண்டு வளையம், எட்டு, சதுரம், தலைகீழ் ஓட்டம் என்று வானத்தில் கோலம் போடலாம், கையில் வித்தை இருந்தால்.

வித்தை அவன் மனைவியின் கையில் இருந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினாறு வருடமாகச் சந்து பொந்தெல்லாம் நீள வண்டியைத் திருப்பித் திருப்பிப் பழகிய மணிக்கட்டு. கண்ணாடிக்காரனுக்கோ ஊஞ்சலைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். கைப்பிடியைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினால் நான்காவது சுற்றில் மண்ணில் கிடப்பான். ஆகவே கட்டுவது அவன், பறக்கவிடுவது அவள் என்று கல்யாணமான இரண்டாம் வருடமே பாகப்பிரிவினை ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தலைகீழ் ஓட்டத்தில், தரையிலிருந்து ஆள் உயரத்தில் தட்டானைக் கொண்டுவந்தாள். திடீரென்று அது மூக்கைக் கவிழ்த்தது. சொத்தென்று ஒரு சத்தம். பிறகு எஞ்சின் இல்லாத அமைதி.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது கம்பி கட்டிய உள்பக்க இறக்கை முறுக்குப்போல நொறுங்கியிருந்தது. அவள் கைப்பிடியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"என் தப்புதாங்க. தலைகீழா இருக்கறப்ப கை மாறிப்போச்சு."

"பரவாயில்ல விடு. மரம்தானே."

அவள் தப்பு என்று ஒப்புக்கொண்டு அவன் கேட்டதே இல்லை. வண்டி மரத்தில் மோதினால், மரம் அங்கே நின்றதுதான் தப்பு என்று சொல்லக்கூடியவள். அப்படிப்பட்டவள் திங்கட்கிழமையிலிருந்து ஆளே மாறிவிட்டாள். கேட்காமலே டீ வந்தது. அவன் சட்டைகள் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. மரத்தூள் படிந்த காலோடு படுக்கையில் ஏறினான்; ஒரு வார்த்தை வரவில்லை. பயந்துபோய் மறுநாள் தானாகவே காலைக் கழுவிக்கொண்டு ஏறினான்.

செவ்வாய்க்கிழமை தன் மூக்குக் கண்ணாடிக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, வீட்டுப் பின்னறை மேசையில் தட்டானைக் கிடத்தி இறக்கையைப் பிளந்தான்.

இறக்கையின் வயிற்றுக்குள் ஒரு முக்கோணத் தகடு உண்டு. கைப்பிடியிலிருந்து வரும் கம்பிகள் அதை ஆட்டும். அது ஒரு தடித்த கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி வாலில் உள்ள மடலை மேலும் கீழும் அசைக்கும். தடித்த கம்பி தகட்டை விட்டுக் கழன்றுவிடாமல் இருக்க, அதன் முனையில் மிளகு அளவு வளையம் ஒன்றைப் போட்டு ஈயம் வைத்துப் பற்றவைப்பான்.

கம்பி கழன்று கிடந்தது. வளையம் இறக்கையின் மூலையில் தனியாக உருண்டது.

எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். இடித்ததில் பிய்ந்திருந்தால் ஈயம் கிழிந்து பிசிறு தெரியும். பிசிறே இல்லை. ஈயம் கம்பியைப் பிடிக்கவேயில்லை, பாலாடைபோலச் சும்மா மேலே படிந்திருந்திருக்கிறது. பற்றவைப்பதற்கு முன் கம்பியை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதைப் பற்றவைத்த சாயங்காலம் பக்கத்து அறையில் டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கண் இங்கே, ஒரு கண் அங்கே. தேய்த்தோமா? தேய்த்த நினைவு இல்லை. யார் கோல் போட்டார்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

அவள் கை மாறவில்லை. கம்பி பறக்கும்போதே கழன்றிருக்கிறது.

வேறு எந்தத் தப்பாக இருந்தாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். பற்று விட்டுப்போனது என்று எந்த வாயால் சொல்வது? உடைந்த மூக்குக் கண்ணாடிகளை ஒட்டவைத்து அவன் கடை இருபது வருடமாக நடக்கிறது. வாடிக்கையாளர் யார் கேட்டாலும் ஒரே பதில்: "நான் வெச்ச பத்து விடாதுங்க. உடைஞ்சா வேற இடத்துலதான் உடையும்."

இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று எழுந்தான். அவள் டீயோடு உள்ளே வந்தாள்.

"ரொம்ப மோசமா?" என்று இறக்கையைப் பார்க்காமலே கேட்டாள்.

"சரி பண்ணிடலாம்" என்றான். டீ ஆறிவிடுமே என்று குடித்தான். வளையத்தைப் பழைய கண்ணாடிக் கூடு ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்தான்.

புதன்கிழமையும் அப்படித்தான் போனது. வியாழக்கிழமையும். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு உபசாரம் வந்து வாயை அடைத்தது. ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. முறிந்த கட்டைகளுக்கு எலும்புக்குச் சிம்பு வைப்பதுபோல மெல்லிய மரம் வைத்து ஒட்டினான். துணிக் கவ்விகளை வரிசையாகக் குத்தி இரவெல்லாம் காயவிட்டான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து பார்த்து, இரண்டு இறக்கையும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று சரிபார்த்தான். புதுக் கம்பியைப் பளபளவென்று தேய்த்து, டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்தான். ஈயம் தண்ணீர்போல ஓடிப் பிடித்துக்கொண்டது. இடுக்கியால் இழுத்தான், மேசைதான் நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை அவன் தங்கை இஸ்திரிப் பெட்டியோடு வந்தாள். சலவைக் கடைக்காரி. இறக்கைமேல் மஞ்சள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் சூடு காட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட அவளைப்போல ஆள் கிடையாது. கத்தரிக்கோல் தேடி அலமாரியைத் துழாவியவள் கண்ணாடிக் கூட்டை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இது என்னண்ணே உள்ள கிலுகிலுங்குது?"

"ஒண்ணுமில்ல. பழைய ஆணி."

அவள் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பன்னெண்டு வருஷமா ஊரார் பாக்கெட்ட துழாவுறேன். ஒளிச்சு வெச்ச சாமானோட மூஞ்சி எனக்குத் தெரியாதா? சொல்லு."

சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அண்ணி பண்ணல."

"இல்ல."

"தெரிஞ்சும் செவ்வாக்கிழமையிலேருந்து டீ குடிக்கிற."

"மெதுவாப் பேசு."

"நாளைக்குள்ள நீயே சொல்லிடு. நான் சொன்னா கை, கால், மூக்கெல்லாம் வெச்சுத்தான் சொல்லுவேன். நீ பத்த வெச்சது விட்டுப்போகும், நான் பத்த வெச்சா விடாது."

சனிக்கிழமை மதியம் மனைவி வேலை முடிந்து வந்து, வாசலருகே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே குத்தவைத்து, வளையத்தை அவள் உள்ளங்கையில் போட்டான். முழுவதையும் சொன்னான், கால்பந்து உட்பட.

அவள் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"அப்ப புதன், வியாழன், வெள்ளி. மூணு நாள் டீ."

"அஞ்சு. அன்னிக்கும் குடிச்சேன், இன்னிக்குக் காலையிலயும் குடிச்சேன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் வலதுகையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரம் பூரா ஸ்டியரிங்க புடிக்கறப்ப இந்தக் கையை நம்பலாமான்னு யோசிச்சுக்கிட்டே ஓட்டினேன். பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்க. ஒவ்வொரு திருப்பத்துலயும் ரெண்டு தடவ யோசிச்சேன்."

கண்ணாடிக்காரனும் அந்தக் கையைப் பார்த்தான். விமானத்தைப் பற்றியும் தன் பெயரைப் பற்றியும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தான். இந்தக் கையைப் பற்றி நினைக்கவேயில்லை.

"தப்புதான்" என்றான். "பெரிய தப்பு."

அவள் விரல்களை மடக்கி விரித்தாள். ஒரு பெருமூச்சு வந்தது. அதோடு வாரம் முழுக்கச் சுருங்கியிருந்த முகமும் விரிந்தது.

"கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள் தனக்குத்தானே. பிறகு ஷூவை அவன் பக்கம் தள்ளினாள். "அத உள்ள வெச்சுட்டுப் போய் டீ போடுங்க. சக்கர கம்மியா."

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் மைதானத்துக்குப் போனார்கள். புல் ஈரமாக இருந்தது, காற்று லேசு. அவன் தட்டானின் வாலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட, அவள் கைப்பிடியை எடுப்பதற்குமுன் கேட்டாள்:

"இந்தத் தடவ டிவி ஓடுச்சா?"

"வயரையே புடுங்கிட்டேன்."

"அப்ப சரி." கம்பியை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. நடுவுக்கு நடந்துவிட்டாள்.

எஞ்சின் இருமி, சீறி, ஒரே சுருதியில் நின்றது. விளக்கெண்ணெய் கருகிய வாசனை. எரிபொருளில் கலப்பது அதுதான். அவன் கையை விட்டான். தட்டான் பத்தடி ஓடி எழுந்தது. நேர்ச் சுற்றுகள் நன்றாக இருந்தன. தலைக்குமேல் ஏறியதும் கம்பிகள் தொய்ந்தன. அவள் குடுகுடுவென்று பின்னால் ஓடித்தான் இழுவையைத் திரும்பப் பிடித்தாள்.

இறங்கியதும், "மேல போனா கம்பி துணிக்கொடி மாதிரி தொங்குது" என்றாள்.

ஒட்டிய பசையும் சிம்பும் சேர்ந்து உள்பக்க இறக்கை கனத்துவிட்டது. வெளிப்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் விமானம் வெளியே சாய்ந்து கம்பியை இழுத்துப் பிடிக்கும். வெளி இறக்கை நுனியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து மூன்று ஈயக் குண்டுகளைப் போட்டான். மீன் தூண்டிலில் கட்டுவார்களே, அந்தக் குண்டுகள். இப்போது கம்பி விறைத்தது. ஆனால் சதுரம் போடும்போது ஒவ்வொரு மூலையிலும் வெளி இறக்கை நொண்டி நொண்டித் தாழ்ந்தது. ஒரு குண்டை எடுத்தான். அரைக் குண்டு கூடுதல் என்றாள். இடுக்கியால் இன்னொன்றை நறுக்கினான்.

"பொடவைக்குக் கூட நீங்க இவ்வளவு பேரம் பேசினதில்ல அண்ணி" என்றாள் தங்கை.

நான்காவது ஓட்டத்தில் தட்டான் தன்னை மறந்துவிட்டது. மூலைகள் கத்தியால் வெட்டியதுபோல விழுந்தன. வளையத்துமேல் வளையம், வரைந்த கோட்டின்மேலேயே திரும்ப வரைந்ததுபோல. பிறகு தலைகீழ் ஓட்டம். அவள் ஒரு நொடிகூடத் தயங்காமல் போன வாரம் விழுந்த அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, புல் நுனியைச் சீவிக்கொண்டு இரண்டு சுற்று ஓட்டினாள். கண்ணாடிக்காரன் மூச்சை விடவே மறந்துபோனான். தங்கைதான் முதுகில் ஒன்று வைத்தாள்.

எஞ்சின் நின்று தட்டான் சொகுசாக இறங்கியதும், மனைவி நடுவில் நின்றபடியே அவனைக் கையாட்டிக் கூப்பிட்டாள்.

"வாங்க. இப்ப நீங்க."

"எனக்குத் தல சுத்தும்னு தெரியாதா உனக்கு?"

"அஞ்சு நாள் டீக்கு வேற தண்டனை எனக்குத் தோணல. வாங்க." பிறகு குரலைத் தணித்தாள். "பஸ்ஸுல வாந்தி எடுக்கறவங்க எல்லாரும் ஜன்னல் வழியா ஓடுற மரத்தப் பாக்கறவங்க. நீங்க மரத்தப் பாக்காதீங்க, தரையப் பாக்காதீங்க. மஞ்சள மட்டும் பாருங்க."

தங்கை இரண்டு நிமிடத்துக்கான எண்ணெயை மட்டும் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினாள். பறக்கத் தொடங்கிவிட்டால் எண்ணெய் தீரும் வரை இறக்க வழியில்லை. மனைவி அவன் முதுகோடு ஒட்டி நின்று, கைப்பிடியைப் பிடித்த அவன் கையைத் தன் கையால் மூடினாள்.

தட்டான் எழுந்தது. இரண்டு பேரும் ஒரே ஆளாகச் சுழன்றார்கள். கைப்பிடி இழுத்தது, அவன் கட்டிய பொருள் இப்படி உயிரோடு இழுக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது சுற்றில் வயிறு எழும்பியது. மஞ்சளைப் பார்த்தான். உலகமே கலங்கிய சாயமாக ஓட, நடுவில் தட்டான் மட்டும் அசையாமல் அவன் முன்னால் நின்றது. ஏழு, எட்டு. மணிக்கட்டை ஒரு நூல் சாய்த்தான், ஏறியது. நூல் தாழ்த்தினான், இறங்கியது.

"ஏறுது பாத்தியா" என்றான்.

பதில் தூரத்திலிருந்து வந்தது. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எப்போதோ கையை எடுத்துவிட்டு, குனிந்து விலகி, அவள் வட்டத்தின் நடுவிலேயே நாலடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு சிரித்தபடி இன்னும் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓட்டினான். எஞ்சின் விக்கி நின்றது. தட்டான் இறங்கி, இரண்டு துள்ளுத் துள்ளி, ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

விமானம் நின்றது, மைதானம் நிற்கவில்லை. கண்ணாடிக்காரன் கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு மல்லாந்து விழுந்தான். வானம், தங்கை, மனைவி, மறுபடி வானம் என்று எல்லாம் வரிசையாக வந்துபோயின. மனைவி குனிந்து கைப்பிடியை இழுத்தாள்.

"குடுங்க, கம்பியச் சுத்தணும்."

"எல்லாம் ஏற்கெனவே சுத்திக்கிட்டுத்தான் இருக்கு" என்றான் அவன். கைப்பிடியை விடவில்லை.