ஹ்வாமுர் பண்ணையின் ஜன்னல் வெயில்

ஹ்வாமுர் பண்ணை வீட்டில் கண்ணாடி ஜன்னல் வைத்த நாளிலிருந்து அந்த ஜன்னலில் மட்டும் மழை பெய்யவில்லை. வெளியே பனியும் மழையும் கலந்து அடிக்கும். உள்ளேயிருந்து பார்த்தால் மலை வரைக்கும் பளீரென்று வெயில். அதுவரை எங்கள் வட்டாரத்தில் ஜன்னல் என்றால் ஆட்டுக்குட்டி பிறக்கும்போது வரும் சவ்வை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியதுதான். அதில் வெளிச்சம் வரும், வேறொன்றும் தெரியாது. வானிலை பார்க்க எல்லோரும் வெளியே போய் மூக்கை நீட்டினார்கள். பண்ணைக்காரர் தோர்கில்ஸ் ஒரு வருடக் கம்பளியை டேனிஷ் வியாபாரியிடம் கொடுத்துக் கண்ணாடி வாங்கி வந்தார். அதன்பின் அவர் எதற்கு வெளியே போக வேண்டும்?

கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்தபடியே மனைவி ஸ்டைன்வோரிடம், "இங்க வெயில் வந்தாச்சு, அங்கயும் வந்துடும். நீ போய்ப் புல்லை அறு" என்பார். அவளும் ஒருமுறை ஜன்னலைப் பார்ப்பாள். கண்ணால் கண்டதை எப்படி நம்பாமல் இருப்பது? போய் அறுப்பாள். அறுத்த புல் காயாமல் வயலிலேயே அழுகும். குளிர்காலத்துக்குக் காய்ந்த புல் போதாமல் இரண்டு பசுக்களில் ஒன்றை அந்த இலையுதிர்காலத்திலேயே வெட்டினார்கள். மிச்சம் ரௌத்கா என்ற சிவப்புப் பசு.

அடுத்த கோடையிலும் அதே ஜன்னல், அதே காபி. ஆகஸ்டில் ஒருநாள் ஸ்டைன்வோர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள்.

"யோவ், உன் வெயில்ல என் பாவாடையைக் காயப்போடுய்யா பாப்போம்! இது வானிலையா? க்ளுக்காவேதுர்!"

உள்ளேயிருந்து பார்க்க மட்டும் அழகாக இருக்கும் வானிலைக்கு நாங்கள் சொல்லும் அந்தச் சொல் பிறந்தது அப்போதுதான். படித்தவர்கள் அதை ஜன்னல், வானிலை என்று இரண்டாக வெட்டிக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்த ஈரப் பாவாடையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில் எரிச்சல்தான்.

ஸ்டைன்வோர் கத்தியால் நெம்பி ஜன்னலைப் பெயர்த்து, ஓடையில் எறிய அதைத் தூக்கிக்கொண்டு வயலைக் கடந்தாள். போகிற வழியில் கண்ணாடிக்குக் கீழே சதுரமாக வெயில் விழுந்தது. வெயில் பட்ட இடத்தில் புல் மொறுமொறுவென்று காய்ந்தது. அவள் திரும்பி வந்து புருஷனை வெளியே இழுத்தாள்.

"நீ வாங்கினது. நீயே புடிச்சிக்கிட்டு நில்லு."

வீட்டில் பழைய சவ்வைத் திரும்பக் கட்டினார்கள். ரௌத்கா அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியது. கோடைதோறும் தோர்கில்ஸ் கொட்டும் மழையில் ஜன்னலை நீட்டிப் பிடித்தபடி சதுரம் சதுரமாக வயலைக் காயவைத்தார். குதிரையில் போன பக்கத்துப் பண்ணை ஓட்னி ஒருமுறை நின்று கேட்டாள்:

"என்ன தோர்கில்ஸ், காயுதா?"

"புல்லு காயுது. நான்தான் காயல."

"அப்ப இதையும் கொஞ்சம் காயவை" என்று நனைந்த கையுறைகளைக் கழற்றி அந்த வெயிலில் போட்டுவிட்டுப் போனாள்.