மணல் குவியலும் பச்சை நாற்காலியும்

"மே 16, 2025, வெள்ளி. பிழை ஒன்று. மணலில் குருவி இல்லை என்று நேற்றுக் கோயில் தலைவரிடம் சொன்னேன். இருக்கிறது. இருக்கலாம். இல்லை, இருக்கிறது."

எழுதிவிட்டு ஷாமளா பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, 'பிழை ஒன்று' என்பதற்குக் கீழே கோடு போட்டாள். மலேசியாவின் கூலிம் தொழிற்சாலையில் பகலெல்லாம் மின்னணுச் சில்லுகளில் கீறல் தேடுகிறவள் அவள். வேலை முடிந்தால் சுங்கைப் பட்டாணியில் பறவை வகுப்பு. அதில் சேர்ந்ததிலிருந்து தன் மேலேயே நிறையக் கீறல்கள் தெரிய ஆரம்பித்திருந்தன.

பாடாங் மேஹா தோட்டத்துக் கோயிலில் சமையல் கொட்டகைக்குத் தரை போட மார்ச்சில் மணல் இறக்கினார்கள். சிமெண்டு வந்துசேருவதற்குள் பஞ்சுருட்டான் குருவிகள் மணலில் வளை தோண்டிக் குடியேறிவிட்டன. குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சியதும், சுற்றிலும் நாடா கட்டி, 'பறவைக் காப்பிடம்' என்று அட்டை வைத்ததும் ஷாமளாதான். அத்தை மகன் திவாகரன் அந்த அட்டையோடு செல்பி எடுத்து, 'உலகத்திலேயே சின்னக் காடு' என்று போட்டான்.

நேற்றுச் சாயங்காலம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு மணி நேரம் கவனித்தாள். கோயிலின் பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியை வளைகளுக்கு நேர் எதிரே போட்டு, அசையாமல் உட்கார்ந்தாள். ஒரு குருவிகூட உள்ளே போகவில்லை. 'காலி' என்று எழுதித் தலைவர் மணியத்திடமும் சொன்னாள். சனிக்கிழமை காலையில் மணலை வாரிவிடும்படி அவர் பேக்கோ இயந்திரம் ஓட்டும் திவாகரனிடம் சொல்லிவிட்டார்.

இன்று விடுமுறை. காலையில் குறிப்பைச் சுத்தப் பிரதி எடுக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: 'மின்கம்பியில் ஒன்று. வாயில் தும்பி. தின்னவில்லை. என்னையே பார்க்கிறது.'

யாருக்கோ ஊட்டுவதற்காகத்தானே தின்னாமல் வைத்திருந்தது! வாசலில் ஷாமளா நாற்காலி போட்டுக்கொண்டால் அது எப்படி உள்ளே போகும்?

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பேக்கோ ஏற்கனவே மணலுக்குப் பக்கத்தில் நின்றது. மணியமும் திவாகரனும் அதன் நிழலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நேத்து சொன்னது தப்பு. குருவி இருக்கு."

மணியம் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார். "ஒரே நாள்ல திரும்பி வந்துருச்சா? பாஸ்போர்ட்ல சாப் குத்துனாங்களா?"

"போகவே இல்லண்ணே. நான்தான் வாசல்ல உக்காந்துட்டேன்."

"அலாமாக்! ஒரு மணி நேரமா?" என்றான் திவாகரன். "பொண்ணு பாக்க வர்றவங்ககூட அரை மணியில எந்திரிச்சிருவாங்க லா."

"அடுத்த மாசம் திருவிழா. தரை இல்லாம அண்டாவ எங்க ஏத்துறது?" என்றார் மணியம். "நாளைக்கு நீ மறுபடி மாத்திச் சொன்னா?"

அந்தச் சந்தேகம் அவளுக்கே இருந்தது. "நீங்களே பாருங்கண்ணே. எல்லாரும் கொட்டகைக்குப் பின்னால வாங்க."

மூவரும் கொட்டகையின் தகரத்துக்குப் பின்னால் குனிந்து ஒளிந்தார்கள். எதுவோ மளுக்கென்றது.

"சத்தம் போடாதீங்கண்ணே."

"நான் இல்ல, முட்டி."

கம்பியிலிருந்து ஒரு குருவி இறங்கியது. வாயில் தும்பியோடு வளைக்குள் போனது. வெறும் வாயோடு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. மணியம் முட்டியைத் தேய்க்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், பேக்கோவ எடு," என்றார் கடைசியில். பிறகு ஷாமளாவிடம் திரும்பினார். "இந்த வருசமும் வெளியில கென்வாஸ் பந்தல் கட்டித்தான் சமையல். கட்டுறது யாரு?"

"நான்தான்."

"மழை பேஞ்சா சேத்துல நின்னு அண்டாவப் புடிக்கிறது?"

"அதுவும் நான்தான்."

"எழுதிக்க. பேனா வச்சிருக்கியே."

திவாகரன் பூனைபோல மெதுவாகப் பேக்கோவைப் பின்னால் எடுத்தான். அதன் பீப் பீப் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் காலையில் போட்ட கோட்டுக்குக் கீழே ஷாமளா எழுதினாள்:

"நாளை: காலை ஏழு மணிக்குக் கென்வாஸ் கம்பங்களுக்குக் குழி தோண்டுவது. மணல் பக்கம் வேண்டாம். பச்சை நாற்காலியைக் கொட்டகைக்குப் பின்னால் போடுவது."