போர்வைக்கு வெளியே

பாலாற்றுப் பாலத்தின் நடுவில் ஏஞ்சலின் வலதுகால் செருப்பு பஸ் ஜன்னல் வழியாக ஆற்றுக்குள் போய்விட்டது. அவள் எடுத்த வாந்தி செருப்பில் பட்டிருந்தது. அக்கா ரூத்து அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒரு பிரேக் போட்டார், அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்ததா மணலில் விழுந்ததா என்று எட்டிப் பார்ப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. ரூத்துக்குப் பத்து வயது, அடி விழும் என்று தெரிந்த வயது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு வயது ஏஞ்சல் அழவில்லை. மிச்சமிருந்த செருப்பைக் கழற்றி அத்தை கவியாவிடம் நீட்டினாள்.

"இதயும் போட்டுடு அத்த. அது தனியா கீது."

கவியாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் கூவத்தூரிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. வேனில் கூட்டிப்போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிவந்த அண்ணன் ஆனந்தன் விடியற்காலையில் ஒரு சவாரி வந்ததும் தன் பிள்ளைகளை மட்டும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். கடப்பாக்கத்தில் ஏறிய முதல் பஸ் கூவத்தூரில் டயர் வெடித்து நின்றது. ஒருமணி நேரம் வெயிலில் நின்று, அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறார்கள். பதினோரு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். மணி பதினொன்றே முக்கால். ஒருமணிக்கு அலுவலகத்தை மதியச் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள்.

முன்சீட்டில் அவள் அப்பா சின்னராசு கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வரும் வெள்ளைச்சட்டை போட்டிருந்தார். டயர் வெடித்தபோதும் சரி, பேத்தி வாந்தி எடுத்தபோதும் சரி, ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடலைப் பார்த்தபடி ஒரு கலைக்கூடம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து பார்க்கிற இடம். இரண்டு மாதத்துக்கு முன்னால், அங்கே யாரோ எடுத்த வீடியோ ஒன்று கவியாவின் போனில் வந்தது. ஒரு தாழ்ந்த மேடையில் கணுக்காலோடு நின்றுவிட்ட இரண்டு வெண்கலப் பாதங்கள். வலதுகாலின் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இடது கணுக்காலில் கதிர் அறுக்கிற பன்னரிவாள் பட்ட தழும்பு. அம்மாவின் கால். செத்து மூன்று வருடமான செங்கம்மாளின் கால். கீழே எழுதியிருந்தது: 'வேர். பெயர் அறியப்படாத கூலிப்பெண், செய்யூர் வட்டாரம், 1997.'

அவள் வீடியோவை அப்பாவிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். "அவதான்" என்றார். பிறகு போனைக் கட்டிலின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

பெயர் அறியப்படாத! ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, நூறுநாள் வேலை அட்டையில் இருக்கிறது. கேட்டிருந்தால் ஊரில் எந்த நாயும் சொல்லியிருக்கும். கவியா கலைக்கூடத்துக்கு மூன்று மெயில் அனுப்பினாள். மூன்றாவதில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்குத்தான் பதில் வந்தது. பெயரைச் சேர்ப்பதில் மகிழ்ச்சி, வார்ப்பு எடுத்தபோது உடனிருந்த ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அப்போது அம்மாவோடு இருந்திருக்கக்கூடியவர்களில் உயிரோடு இருப்பது சின்னராசு மட்டும்தான். அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நேற்று சாயந்திரம் வெள்ளைச்சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்.

கவியாவின் மடியில் ஒரு ஃபைல் இருந்தது. அம்மாவின் இறப்புச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, ஆதார். எதற்கும் இருக்கட்டும் என்று தன்னுடைய முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழையும் வைத்திருந்தாள். இந்த மாதிரி இடத்து ஆட்களுக்கு எதையும் வாயால் சொன்னால் ஏறாது என்று அவள் கல்லூரியில் சேர்ந்த நாளே படித்துக்கொண்டுவிட்டாள்.

வாசலில் காவலாளி, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்திருந்த ஏஞ்சலின் காலைப் பார்த்தார். செருப்பில்லாமல் உள்ளே போகலாமா, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

"உள்ள நிக்கிற கால்ல செருப்பு கீதாண்ணா?" என்றாள் கவியா.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வழிவிட்டார்.

உள்ளே ஏசியின் குளிர். ரூத்து ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருந்ததைப் பள்ளிக்கூடப் பாடம்போல உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். ஏஞ்சல் தலையில்லாத ஒரு கற்சிலையைப் பார்த்து, "இவுங்க எப்டி சாப்புடுவாங்க?" என்று கேட்டாள். வெறுங்காலில் பளிங்குத் தரை சில்லென்று இருக்கவும் பெருவிரலில் நடந்தாள். ஒரு சுவர் முழுக்க வெறும் நீலம் பூசியிருந்தது. அதன் முன்னால் இரண்டு பேர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் கூரையில்லாத ஒரு முற்றம். அங்கேதான் மேடை இருந்தது.

போனில் பார்த்தது வேறு, நேரில் வேறு. வெயில் பட்டு வெண்கலம் சூடாகியிருந்தது. கிட்டே போனால் அம்மா வெயிலில் வேலைமுடித்து வந்து நிற்பதுபோல ஒரு அனல். வீடியோவில் கவனிக்காத ஒன்று இப்போது தெரிந்தது. இரண்டு கால்களின் விரல்களும் கீழ்நோக்கி மடங்கித் தரையைக் கவ்வியிருந்தன. வலது குதிகால் மட்டும் ஒரு விரற்கடை தரையைவிட்டு எழும்பியிருந்தது.

"மண்ணைப் பற்றியிருக்கும் வேர்கள்" என்று ரூத்து சுவரிலிருந்து படித்தாள். "உழைக்கும் பெண்ணுக்கும் நிலத்துக்கும் உள்ள பிரிக்கமுடியாத பந்தம்."

எந்த நிலம் என்று நினைத்தாள் கவியா. அம்மா நடவுக்குப் போகவே மாட்டாள். களை எடுப்பாள், அறுப்பாள், வேர்க்கடலை ஆய்வாள். சேற்றில் மட்டும் கால்வைக்க மாட்டாள். ஊரே கிண்டல் செய்தது. அரசாங்க வீடு கட்டித் தரைக்குச் சிமெண்ட் போட்டபோது, அது காய்ந்து ஒருவாரம் ஆகும்வரை வாசற்படி ஏறவில்லை. ராத்திரியில் போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டால் தூக்கத்திலேயே உதறுவாள். மார்கழிப் பனியிலும் அந்த இரண்டு பாதங்களும் வெளியேதான் கிடக்கும். பெரியாஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நர்ஸ் மூட மூட அவள் உதறினாள். குழியில் இறக்கும்முன் கோடித்துணியைக் கால்வரை இழுத்துவிட்டார்கள். அப்பா குனிந்து அதைக் கணுக்காலுக்குமேல் தள்ளிவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கலைக்கூடத்து அலுவலகத்திலிருந்து திவ்யா என்ற பெண் வந்தாள். கவியாவின் வயதுதான் இருக்கும். மூன்று மெயிலுக்கும் உரிய பயம் அவள் முகத்தில் இருந்தது. தாமதமானது பரவாயில்லை மேடம் என்றாள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். முற்றத்து ஓரத்து பெஞ்சில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு படிவத்தை நீட்டினாள். கவியா படித்தாள். பெயர். ஊர். அதற்குக் கீழே: வார்ப்பு முழுச் சம்மதத்துடன் எடுக்கப்பட்டது, காட்சிக்கு வைப்பதில் குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லை. காலையில், அந்த மடங்கிய விரல்களைப் பார்க்கும் முன்னால் படித்திருந்தால், கண்ணைமூடிக்கொண்டு அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருப்பாள்.

"ஐயா, அன்னிக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க. பலகையில எழுதலாம்" என்றாள் திவ்யா.

சின்னராசு பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசமாட்டார் என்று கவியா படிவத்தை நிரப்பப் பேனாவைத் திறந்தபோது பேசினார்.

"அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நாந்தான் இட்டுகினு போனேன். சவுக்குத் தோப்புல பலகையால பொட்டி மாதிரி அடிச்சி, அதுக்குள்ள ரெண்டு காலயும் வைக்கச் சொன்னாரு செல செய்யற அந்தப் பெரியவரு. மாவ ஊத்துனாரு. ஆஸ்பத்திரில கட்டுவாங்களே, அந்த மாவு. இறுகற வரிக்கும் ஆடாதம்மான்னாரு."

திவ்யா எழுதிக்கொண்டிருந்தாள்.

"பையன் அங்கதான் வெளையாடிகினு இருந்தான். செல்வராஜி."

கவியாவுக்குத் தெரியும், தனக்கு முன்னால் இன்னொரு அண்ணனும் இருந்தான் என்று. மூன்று வயதில், தோப்புக்குத் தண்ணீர் எடுக்கிற துரவில் விழுந்து செத்தவன். அது ஒரு தகவலாகத்தான் அந்த வீட்டில் இருந்தது. எந்த நாள் என்று யாரும் சொன்னதில்லை.

"தொரவாண்ட பசங்க கத்துனாங்கோ. வெளையாடறாங்கோன்னு நெனச்சேன். அவளுக்குத் தெரிஞ்சிட்டுது. ஏந்திரிக்கப் பாத்தா." சின்னராசு தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, காற்றில் எதையோ கீழே அழுத்தினார். "நாந்தான் தோள அமுக்கிப் புடிச்சேன். தோ ஆயிடுச்சி, தோ ஆயிடுச்சின்னு சொல்லிகினே அமுக்குனேன்."

திவ்யாவின் பேனா நின்றுவிட்டது. ஏஞ்சல் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழும்பிய குதிகாலுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?" கவியாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

"அவ ஒருநாளும் கேக்கல. கேட்டிருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன். உங்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"அப்ப இன்னிக்கி எதுக்கு வந்த?"

"காலு எங்க போச்சின்னு தெரியாம இருந்துது. இப்பத் தெரிஞ்சிட்டுது." மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி, "பேர போடறதுன்னா போடும்மா. என் கையும் இதுல கீதுன்னு சேத்துப் போடு" என்றார்.

கவியா படிவத்தைப் பார்த்தாள். முழுச் சம்மதத்துடன். கையெழுத்துப் போட்டால் அம்மாவுக்குப் பெயர் கிடைக்கும், கூடவே இந்த வரியும் அவள் தலையில் ஏறும். போடாவிட்டால் பெயர் அறியப்படாத கூலிப்பெண்ணாகவே மடங்கிய விரல்களோடு வெயிலில் நிற்பாள், நீலச்சுவரைப் பார்க்க வருகிறவர்கள் வேர் வேர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கிழித்துப்போடலாம். கத்தலாம். யாரைப் பார்த்துக் கத்துவது? வார்த்தவர் செத்துவிட்டார். எதிரில் இருப்பது சம்பளத்துக்கு வேலைபார்க்கிற ஒரு பெண். பக்கத்தில் இருப்பது இருபத்தேழு வருடமாக இரண்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாழ்கிற ஒரு ஆள். வழக்கமாகக் கோபம் வந்தால் அவளுக்கு வார்த்தை வரும். இன்றைக்கு விரலை அந்த வரியின்மேல் வைத்தாள்.

"இந்த வரிய அடிச்சிட்டு வேற எழுதலாமா?" என்று கேட்டாள்.

மேலே கேட்கவேண்டும் என்றாள் திவ்யா. போனை எடுத்தாள். எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்று. வாசலில் பார்த்த காவலாளி தோளில் வெள்ளைத்துணிகளோடு முற்றத்துக்கு வந்தார். கடற்காற்றில் உப்பு படியும் என்பதால் இடைவேளையில் எல்லாவற்றையும் மூடிவைப்பது வழக்கமாம். ஒவ்வொரு சிலையாக மூடிக்கொண்டே வந்தவர் கடைசியில் பாதங்களின்மேல் ஒரு துணியை விரித்து விளிம்புகளைச் சரிசெய்தார். பாதங்கள் இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் மிஞ்சியது.

சின்னராசு எழுந்தார். குனிந்து, துணியை விரல்களிலிருந்து கணுக்கால்வரை மேலே தள்ளினார். காவலாளி திவ்யாவைப் பார்த்தார். திவ்யா கவியாவைப் பார்த்தாள். கடலிலிருந்து வந்த காற்று துணியைத் திரும்ப இழுத்து விரல்களை மூடியது. அவர் மறுபடி தள்ளினார். காற்று மறுபடி மூடியது. வெள்ளைச்சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. மூன்றாம் முறை தள்ளியபோது ஏஞ்சல் எழுந்து பக்கத்தில் போனாள். கையிலிருந்த ஒற்றைச் செருப்பை மடித்த துணியின்மேல் வைத்து, நகர்கிறதா என்று பார்த்தாள். காற்று வந்தது. துணியின் ஓரம் படபடத்தது. விரல்கள் பத்தும் வெளியே இருந்தன.