இரண்டு நூல்

2001 ஜூன் 9, சனிக்கிழமை. பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு ராயபுரத்தில் காற்று திசை மாறியது. காலையிலிருந்து மேற்கே இருந்து அடித்த அனல் நின்று, கடலிலிருந்து வீசத் தொடங்கியது.

அந்த நேரத்தில் சிலுவையம்மாள் பர்மா பஜாரில் லியாகத் அலியின் கடை முன்னால் நின்று, ஒரு காத்தாடியின் மூக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு நைலான் துணி, கறுப்பு நிறம், ஒற்றைத் தையல். நகம் உள்ளே போனது.

"இது வேணாம் பாய். கீழ வுழுந்தா மூக்கு பிரிஞ்சிடும்."

"செம ஸ்பீடுக்கா இது. ராக்கெட்டு மாதிரி போவும்."

"ஸ்பீட வச்சிகினு இன்னா பண்றது? சேர்ல குந்திகினு வுடப்போறாரு."

வீட்டில் அவள் கணவன் அருள்பிரகாசம் படுத்திருந்தார். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். நுரையீரலில் கட்டி. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இனிமேல் ஊசி வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை பாதிரியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, சாகும் முன் கொடுக்கும் அவஸ்தையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவர் ஒருவர்தான் சத்தமாகக் கேட்டார்: "சிலுவ, அந்த ரெண்டு நூலு காத்தாடி ஒண்ணு வாங்கியா."

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன் கடற்கரையில் அதை விட்டதை அவர் பார்த்திருந்தார். காத்தாடி வானத்தில் நின்ற இடத்தில் நின்றதாம். தரைவரை விழுந்து, மண்ணைத் தொடாமல் எழுந்ததாம். "ரெண்டு கையி, சிலுவ. இந்தக் கையி இழுத்தா இந்தப் பக்கம், அந்தக் கையி இழுத்தா அந்தப் பக்கம். கிரேன் லீவரேதான்." மூன்று வருடமும் இதைச் சொன்னார். தையல் கம்பெனிக்காகப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அவள் மிஷினிலிருந்து தலை தூக்கியதில்லை. அவர் நாற்பது வருடமாகக் காத்தாடி விடுகிறவர். டீல் போட்டு, நூலோடு நூல் உரசி, அவர் காத்தாடியை இதுவரை யாரும் அறுத்ததில்லை. அந்தப் பெருமையில் அவள் பங்குக்குக் கிடைத்தது, மாஞ்சாவுக்கு அரைத்து அம்மியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தூள்.

லியாகத் அலி இரண்டாவது பையைத் திறந்தார். அதில் இருந்தது நான்கு நூல் காத்தாடி.

"அவருக்குக் கீறது ரெண்டு கையி, பாய்."

"இதுக்கும் ரெண்டு கையிதாங்கா. ஆனா பழக ஒரு மாசம் ஆவும்."

"ஒரு மாசம் இல்ல."

அவர் அவளைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார். "மொத தபா வுடப்போறாரா?"

"நாப்பது வருசமா வுடுறாரு."

"ரெண்டு நூலு?"

"இல்ல."

"அப்போ மொத தபாதான்."

பலகைக்கு அடியிலிருந்து மூன்றாவது வந்தது. சிவப்பும் மஞ்சளும். விரித்தால் கடைக்குள் அடங்காத அகலம். ஓரம் முழுக்க இரட்டைத் தையல், மூக்கில் பட்டை நாடா வைத்து நான்கு முறை ஓட்டியிருந்தார்கள். நகம் இறங்கவில்லை. குச்சியை முழங்காலில் வைத்து வளைத்தாள். வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது.

"இது சோம்பேறிக்கா. மெதுவாத்தான் திரும்பும். ஆனா கொஞ்சூண்டு காத்துலயும் நிக்கும்."

"எங்க கம்பெனில இருந்தா நான்தான் இத்த தச்சிருப்பேன்," என்றாள். "கட்டிக் குடு."

பைக்குள் இரண்டு உருளை வெள்ளை நூலையும் கையில் மாட்டும் இரண்டு பட்டைகளையும் வைத்தார் லியாகத் அலி. "ரெண்டும் ஒரே நீளம். இந்த நூலத்தான் கட்டணும், வேற கட்டக் கூடாது. மறக்காம சொல்லுக்கா."

ஆட்டோவில் பை குறுக்கே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துறைமுகக் கேட்டின் மேல் இருந்த கொடி மேற்கே பார்த்து அடித்துக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"ஜல்தி போப்பா."

"இன்னாக்கா, ஆஸ்பத்திரி கேஸா?"

"காத்தாடி வுடணும். காத்து வந்துட்ச்சி."

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். நரைத்த தலை, மடியில் ஆறடிப் பை. இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்தான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் கூட இப்படி அவசரமாக வீட்டுக்குப் போனதாக அவளுக்கு நினைவில்லை.

அவள் படுக்கையில் விட்டுவிட்டுப் போன அருள்பிரகாசம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. அருகில் ஜெயவேல், அதே துறைமுகத்தில் பக்கத்துக் கிரேன் ஓட்டியவர், நாற்பது வருடமும் இவருக்கு நூல் சுற்றிய லொட்டாய் பிடித்தவர். தெருவில் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே சிவப்பு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. பெரிய காத்தாடி வரப்போகிறது என்று, கெட்டியான வலை நூல் எடுத்து, கண்ணாடித் தூளும் வஜ்ரப் பசையும் காய்ச்சிக் காலையிலேயே ஜெயவேல் மாஞ்சா போட்டிருந்தார்.

"எத்த வாங்கினே?" என்றார் அருள்பிரகாசம்.

"மெதுவா போறத."

"எனக்கு ஏத்ததுதான்."

அவள் வெள்ளை நூலை எடுத்துக் கொடுத்தாள். அவர் விரலில் உருட்டிப் பார்த்தார். "இன்னாடா ஜெயவேலு, வழவழன்னு கீது? நம்மூட்டுத் தையல் நூலாட்டம்."

"பாய் இத்தத்தான் கட்டச் சொன்னாரு. வேற கட்டக் கூடாதாம்."

"அண்ணி, பாய் வாட்சு விக்கிறவரு," என்றார் ஜெயவேல். "மாஞ்சா இல்லாத நூலுல மாமு காத்தாடி வுட்டாருன்னு நாளிக்கு ராயபுரத்துல எவனாச்சும் சொன்னா, நான் தலகாட்ட முடியுமா?"

இருவரும் சிரித்தார்கள். அருள்பிரகாசத்துக்குச் சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமானது. அவள் வெள்ளை நூலைப் பைக்குள் திரும்ப வைத்தாள். சிவப்பு நூலை டேப்பால் அளந்து ஒரே நீளத்துக்கு அவளே இரண்டாக வெட்டினாள்.

நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு, லாரிகள் நிறுத்தும் மைதானத்துக்குப் போனார்கள். சனிக்கிழமை, பாதி காலி. நாற்காலியைக் கடல் பக்க ஓரத்தில், காற்றுக்கு முதுகு காட்டி வைத்தார்கள். ஜெயவேல் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு நூலின் முழு நீளத்துக்கும் பின்னால் நடந்தார்.

"வுடு," என்றார் அருள்பிரகாசம். அவ்வளவு தூரத்துக்கு அந்தக் குரல் கேட்காது. சிலுவையம்மாள் கையைத் தூக்கினாள்.

காத்தாடி எழுந்தது. படபடவென்று துணி அடித்துக்கொண்டு ஏறி, இடதுபக்கம் சாய்ந்து, லாரிக் கூரையை நோக்கிப் போனது. அவர் வலது கையை ஒரு விரற்கடை இழுத்தார். அது திரும்பியது. இன்னொரு விரற்கடை. நிமிர்ந்தது. நடுவானத்தில் வந்து நின்றது.

"நின்னுட்ச்சி," என்றாள்.

முப்பத்தோரு வருடம் லீவர் பிடித்த கைகள் மடியில் இருந்தன. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. காத்தாடி இடப்பக்கம் போய்த் திரும்பியது, வலப்பக்கம் போய்த் திரும்பியது. பிறகு மேலிருந்து நேராகக் கீழே வந்தது. லாரி டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். தரைக்கு ஓராள் உயரத்தில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. ஜெயவேல் தூரத்தில் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பத்து நிமிடம் இருக்கும். அவர் பட்டைகளைக் கழற்றி நீட்டினார்.

"புடி."

"எனக்கின்னா தெரியும்?"

"எனக்கும் காலைல தெரியாது. புடி சிலுவ."

நூல் அவளை இழுத்தது. ஒரு எட்டு முன்னால் வைத்துக் காலை ஊன்றிக்கொண்டாள். அந்த இழுப்பு தோள்வரை வந்தது. இடது கையை இழுத்தாள். காத்தாடி அகலமாக ஒரு வட்டம் போட்டது. அவள் கையைத் தளர்த்தவில்லை. இரண்டாவது வட்டம். யாரோ லாரியிலிருந்து விசிலடித்தார்கள். மூன்றாவது வட்டத்தில் அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு முன்னால் இரண்டு சிவப்பு நூலும் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. வலது கையை வேகமாக இழுத்தாள்.

முதலில் இடது கை லேசானது. ஒரு நொடி கழித்து வலது கையும்.

காத்தாடி குட்டிக்கரணம் போட்டபடி மைதானத்தைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, தண்டையார்பேட்டைப் பக்கம் போய் வீடுகளுக்குப் பின்னால் மறைந்தது. ஜெயவேல் ஓடிவந்து அறுந்த நுனிகளைப் பார்த்தார். "ஒண்ண ஒண்ணு அறுத்துட்ச்சி, மாமு. சுத்துனா ரெண்டும் ஒரசுமே. இத்தினி வருசம் மாஞ்சா போட்டவனுக்கு அது தோணல பாரு."

சிலுவையம்மாள் கையில் வெறும் நூலோடு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அருகில் போன பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"நாப்பது வருசம். ஒரு பையன் அறுக்கல," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். "கடைசில பொண்டாட்டி அறுத்துட்டா."

வீட்டுக்கு வந்து இரண்டு ஸ்பூன் டீ குடித்தார். பார்க்க வந்த மூன்று பேரிடம் அதையே சொன்னார். நான்காவது ஆளிடம் ஜெயவேலைச் சொல்லச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாலை ஆறு பத்துக்கு மூச்சு நின்றது.

மகன் சைமன் மஸ்கட்டிலிருந்து ஞாயிறு காலை வந்தான். மாலை நான்கு மணிக்கு அடக்கம். கல்லறையிலிருந்து திரும்பியபோது வாசலில் ஒருவன் நின்றிருந்தான். முன்கை முழுக்கச் சின்னச் சின்னத் தீக்காயம். ரஹீம் என்று பேர் சொன்னான், வெல்டிங் வேலை. கையில் சிவப்பு மஞ்சள் காத்தாடி.

"எங்க மொட்டமாடில வுழுந்துச்சிம்மா. சாவு வூட்டுதுன்னு இன்னிக்குத்தான் சொன்னாங்கோ. வச்சிக்கோங்க."

அறுந்த காத்தாடி பிடித்தவனுக்குச் சொந்தம். விட்டவன் திரும்பக் கேட்பதில்லை, கொடுத்தாலும் வாங்குவதில்லை. ஜெயவேல் அவளைப் பார்த்தார்.

அவள் காத்தாடியை வாங்கினாள். மூக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். தையல் பிரியவில்லை. திரும்பக் கொடுத்தாள்.

"உன்துதான். புடிச்சவன் நீ."

உள்ளே போய் வெள்ளை நூல் உருளைகள் இரண்டையும் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "இத்தக் கட்டு. மாஞ்சா போடாத."

"ரெண்டு நூலு எப்டிம்மா வுடுறது? எனக்குத் தெரியாதே."

"நாளிக்கு ரெண்டு மணிக்கு லாரி ஸ்டாண்டுக்கு வா."

திங்கட்கிழமை காற்று இரண்டேகாலுக்கு மாறியது. முதலில் ரஹீம் விட்டான், பிறகு அவள். காத்தாடி நாற்பது நிமிடம் மேலே நின்றது. பதினொரு வட்டம் போட்டது. நூல் அறவில்லை.