பன்னிரண்டாம் பக்கத்துப் பிளம்பர்

ஓய்வு பெற்ற மறுநாளே நாவல் எழுத உட்கார்ந்தேன். முப்பத்திநாலு வருடம் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன் நான். ஏறி இறங்கிய மாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். எனவே கதாநாயகனும் லிஃப்ட் ஆய்வாளர்தான். ஆறடி உயரம், அடர்ந்த முடி. மற்றபடி அச்சு அசல் நானே.

முதல் வாசகி என் மனைவி. எழுதிய பக்கங்களைக் காலையில் சாப்பாட்டு மேசையில் வைப்பேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே படித்து, பிடித்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவாள். முப்பது பக்கம் முடிந்ததும் கோடுகளைத் தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் பன்னிரண்டாம் பக்கத்தில், கதாநாயகன் வீட்டுக் குழாயைச் சரி செய்ய வந்த பிளம்பருக்கு.

அவன் ஐந்து வரி ஆள். கதாநாயகன் சன்னலோரம் நின்று வாழ்க்கையைப் பற்றி யோசிக்கும்போது பின்னால் ஏதாவது சத்தம் கேட்கட்டுமே என்று அவனைக் கூப்பிட்டிருந்தேன். வந்தான், குழாயை முடுக்கினான், சிந்திய தண்ணீரைத் தன் தோள் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போனான்.

“இவரு மறுபடி எப்பங்க வருவாரு?” என்றாள் மனைவி.

“எதுக்கு வரணும்? அதான் குழாய் சரியாயிடுச்சே.”

“நல்ல மனுஷன். சொல்லாமலே துடைச்சாரு பாருங்க.”

“ஏம்மா, கதாநாயகன் எட்டுப் பக்கம் யோசிக்கிறானே, அது?”

“யோசிக்கட்டும், யாரு வேணாங்கிறா. ஈரத்துல வழுக்கி விழாம யோசிக்கிறான்ல, அது யாரால?”

மறுநாள் மச்சினி வந்தாள். அவளும் படித்தாள்.

“அத்தான், அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“கதாநாயகனுக்கா? அதை மூணாம் அத்தியாயத்துல...”

“அவரில்ல. பிளம்பரு.”

என் வயிற்றில் எரிந்த தீயில் ஒரு ஊருக்கே சமையல் செய்திருக்கலாம். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிறான், அதுவும் என் வீட்டில், என் பேனாவில் பிறந்தவன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் அவனை லிஃப்டில் ஏற்றி, பதினான்காம் மாடியிலிருந்து கயிற்றை அறுத்துவிட்டேன். அன்று மதியம் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

மனைவி அதைப் படித்தாள். கத்தி நின்றது. முதல் அத்தியாயத்தைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“இது உங்க ஆளு சோதிச்சு, நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்ட லிஃப்டுதானே?”

“ஆமா.”

“அப்போ இவரைக் கொன்னது அவன்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிறு அறுந்தாலும் பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிடி ஒன்று லிஃப்டில் உண்டு. அது கவ்வுகிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். பொறாமையில் அதையே மறந்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட எந்த லிஃப்டும் ஒரு விரற்கடைகூட விழுந்ததில்லை.

“இனிமே நான் படிக்கல,” என்று காகிதக்கட்டை என் பக்கம் தள்ளினாள். எனக்கு இருப்பதோ ஒரே வாசகி.

உட்கார்ந்து திருத்தினேன். பிடி கவ்வியது, லிஃப்ட் பாதி மாடியில் நின்றது. பிளம்பர் வெளியே தாவும் முன்பு தரையில் சொட்டியிருந்த எண்ணெயைத் துண்டால் துடைத்தான். சத்தியமாக நான் துடைக்கச் சொல்லவில்லை, அவனாகவே குனிந்தான். மனைவி அந்த வரிக்கு இரண்டு கோடு போட்டாள். கதாநாயகனின் கையெழுத்து காப்பாற்றப்பட்டதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.

சாயங்காலம் எங்கள் சமையலறைக் குழாய் சொட்டியது. நானே முடுக்கினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவள் பார்க்கும்படியாக, தரையைத் துடைத்தேன். கல்யாணமான முப்பது வருடத்தில் முதல் முறை. துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன், ஆறடிக்கு.

அவள் தரையைப் பார்த்தாள்.

“அவரு மூலையெல்லாம் விடமாட்டாரு,” என்றாள்.

அவன் மூலையைத் துடைத்ததாக நான் எங்கேயும் எழுதவில்லை.