பொங்கலுக்கு மறுநாள் யாருடைய முறை

"பாலசிங்கண்ணை, வலையில கை வைச்சுப் பாருங்கோ, தெரியும்! உங்கட மகளின்ர போன் சொன்னால் என்ர முறை உங்கட முறையாகிடுமோ?"

"போன் பிழை விடாது புஸ்பராணி! பிழையெண்டால், அவளைப் பொம்பிளை கேட்ட நிலாவெளி மாப்பிள்ளைக்கு இண்டைக்கே ஓம் எண்டுறன். அவளும் கொம்பியூட்டரை மூடட்டும்!"

சல்லி என்ற எங்கள் ஊர்க் கரையில் இருவருக்கும் ஆளுக்கொரு கரைவலை. அதைக் கடலில் வளைத்துப்போட்டு இழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. இன்று யாருடைய முறை என்று போனில் சொல்லும் புரோகிராமை எழுதியவள் பாலசிங்கத்தின் மகள் தனுஷிகா. தகப்பனுக்குச் சாதகமாக எழுதிவிட்டாள் என்று ஊர் கதைத்தது. ஊர் என்றால் நாங்கள்தான்.

தனுஷிகா வீட்டுக்கு ஓடி, இணையத்தில் கேட்டாள்: 'என் புரோகிராம் பிழைக்கிறது, ஏன்?' யாரோ ஒருவர் திருப்பிக் கேட்டார்: 'எந்த நாளில்? என்ன வரவேண்டும்? என்ன வந்தது?' பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை இவ்வளவு கேட்டதில்லை.

பதில் எழுதப் போனவளுக்கு அங்கேயே பிடிபட்டது. நேற்று அம்மன் கோயில் பொங்கல். அன்று எவரும் வலை வளைப்பதில்லை. முறை புஸ்பராணியுடையது. புரோகிராமோ அவள் வளைத்துவிட்டாள் என்றே எண்ணி, இன்றைய நாளைத் தகப்பனுக்குக் கொடுத்திருந்தது.

அவள் கரைக்குத் திரும்பியபோது சண்டை வலையை விட்டுப் புஸ்பராணியின் பாட்டனாரை இழுக்கும் அளவுக்குப் போயிருந்தது.

"பொங்கலண்டு விட்ட முறை அடுத்தநாளுக்கு வருமோ, போயிடுமோ?" என்று தனுஷிகா கேட்டாள்.

"போயிடும்!" என்றார் பாலசிங்கம்.

"வரும்!" என்றாள் புஸ்பராணி.

சட்டத்தைக் கேட்டால் ஆளுக்கொரு சட்டம் வரும் என்று தனுஷிகாவுக்கு விளங்கியது. நடந்ததைக் கேட்டாள்.

"போன வருஷப் பொங்கல் ஆற்ற முறையில விழுந்தது, அப்பா?"

"என்ர."

"அடுத்தநாள் ஆர் வளைச்சது?"

பாலசிங்கம் கடலைப் பார்த்தார். கடல் உதவவில்லை.

"நான்தான்."

புஸ்பராணி தோணியைத் தள்ளினாள். போன் பிழை என்று மகளே காட்டிவிட்டதால், சொன்ன சொல்லுக்காகப் பாலசிங்கம் நிலாவெளிக்கு ஆள் அனுப்பினார்.

மாப்பிள்ளை ரிஷிகேசன் தாயோடு வந்தார். கலியாணத்துக்குப் பிறகு வேலைக்கு விடுவீர்களா என்று தனுஷிகா கேட்கவில்லை. அதற்கு எல்லாரும் ஓம் என்பார்கள்.

"உங்கட அண்ணி படிப்பிச்சுக்கொண்டிருந்தவவாம். இப்பவும் படிப்பிக்கிறாவோ?"

ரிஷிகேசன் தாயைப் பார்த்தார். தாய் தேத்தண்ணியைப் பார்த்தா. பாலசிங்கம் இருவரையும் பார்த்துவிட்டு, "பிள்ளை கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோவன்," என்றார். மறுமொழி வரவில்லை; சம்பந்தமும் வரவில்லை.

ரிஷிகேசன் அடுத்த ஆவணியில் திரியாய் ஊர்ப் பெண்ணொருத்தியைக் கட்டினார். தனுஷிகா வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டாள்.