வித்தோல்டின் கல்லில் ஒரு வரி

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்டோபர் நடுவில், ஊரே கல்லறைக்குப் போகும் அனைத்துப் புனிதர் திருநாளுக்குள் பதினேழு கல்லறைக் கல் முடிக்க வேண்டிய நெருக்கடியில், ஈரக் குடையோடு என் பட்டறைக்குள் அதுவாக வந்தது.

முதல் வரி: "லுப்ளின் நகரத்தில் ஒரு கவிஞர்..." (எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அடித்துவிட்டேன்.) "கவிஞர்களை நான் நம்புவதில்லை, ஏனென்றால்..." (காரணம் எழுதினால் தாள் போதாது.) காகிதத்தில் அடிக்கலாம். கல்லில் முடியாது. குடையோடு வந்த அம்மாளுக்கு அதுதான் பயம்.

2
அவர் பெயர் போக்னா. கவிஞர், மொழிபெயர்ப்பாளர். சொந்தக் கவிதை நான்கு புத்தகம், யாரும் வாங்கவில்லை. செத்துப்போன லிதுவேனியக் கவிஞர் ஒருவரை நம் போலிஷில் கொண்டுவந்தது ஒரு புத்தகம். அதில் ஒரு வரி ஊருக்கே மனப்பாடம்:

கதவைச் சாத்தாதே. குளிரை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

டிராலிபஸ் ஓட்டிய வித்தோல்டின் கல்லில் இதையும், கீழே அந்த லிதுவேனியர் பெயரையும் வெட்டச் சொல்லியிருந்தார் அவர் மனைவி ஹல்ஷ்கா. பெயரைச் சரிபார்க்க போக்னாவுக்குப் போன் போட்டிருக்கிறார்.

"பான் கெர்வாசி, அந்தப் பேரப் போடாதீங்க." (பான் என்றால் ஐயா, பானி என்றால் அம்மா. கெர்வாசி நான்.)

"ஏன், செத்தவரு கோவிச்சுக்குவாரா?"

"அந்த வரி அவரோடது இல்ல. நான் சேத்தது."

"எடுத்துட்டுப் போற திருடங்களப் பாத்திருக்கேன். வச்சுட்டுப் போறவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

"அவரு கவிதைய அதுக்கு முந்தின வரியிலயே நிறுத்திட்டாரு. அன்னைக்கு எங்க வீட்டுல குளிர்காயற அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சு. என்னால நிறுத்த முடியல."

"பதினோரு வருசமா யாரும் கண்டுபிடிக்கலியா?"

"ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்க கவிதை படிக்கறதில்ல."

"சரி, உங்க பேரப் போடவா?"

போட்டால் குட்டு வெளிப்படும். எந்தப் பதிப்பகமும் இனி மொழிபெயர்க்கக் கூப்பிடாது. போடாவிட்டால், ஊர் கொண்டாடும் அவருடைய ஒரே வரி இன்னொருவர் பெயரில் கருங்கல்லில் நிற்கும்.

(இங்கே "அவர் அழுதார்" என்று எழுதியிருந்தேன். பொய். என் தேநீரைக் குடித்துவிட்டு, சர்க்கரை குறைவு என்றார்.)

3
கதை எழுதத் தெரிந்தவன் இந்த இடத்தில் மழையை வர்ணிப்பான். நான் ஹல்ஷ்காவைக் கூப்பிட்டேன். முட்டைக்கோஸ் பையோடு வந்து, எல்லாவற்றையும் கேட்டார்.

"கவிஞர் பேரு எதுக்கு? மேல எங்க வீட்டுக்காரர் பேரு இருக்கில்ல, போதும்."

"அப்ப அவரு எழுதினதுன்னு ஜனங்க நினைக்கும், பானி ஹல்ஷ்கா."

"நினைக்கட்டுமே. முப்பது வருசமா 'கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க'ன்னு பஸ்ஸுல கத்தினவரு. செத்தப்புறமாவது நல்லதா ஒண்ணு சொல்லட்டும்."

போக்னா சிரித்தார். பிறகு நிறுத்தினார். வரி இப்போது மூன்றாவது ஆளிடம், செத்துப்போன டிரைவரிடம், போய்விட்டது.

4
எழுதிப் பார்த்த முடிவுகள். போக்னா துணிந்து உண்மையைச் சொல்கிறார், ஊர் மன்னிக்கிறது. (லுப்ளினை எனக்குத் தெரியும். அடித்துவிட்டேன்.) போக்னா அந்தக் கல்லின் முன் மௌனமாக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். (மெழுகுவர்த்தி வைத்தால் எந்தக் கதையும் முடிந்த மாதிரித் தெரியும். ஏமாற்று வேலை.)

நடந்தது இவ்வளவுதான். கல்லை நட்டேன். வரி இருக்கிறது, அதன் கீழே நான்கு விரல் இடம் வெறுமையாக இருக்கிறது. திருநாளன்று போக்னா கல்லுக்கு எதிரே நின்றிருந்தார். யாரோ ஒரு அம்மாள் பூத்தொட்டியோடு நின்று படித்துவிட்டு, உரக்கக் கேட்டார்.

"என்னமா இருக்கு! யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

போக்னா வாயைத் திறந்தார்.

நான் ஆறு கல்லறை தள்ளி நின்றேன். நாற்பது வருடம் உளிச்சத்தம் கேட்ட காது, ஒன்றும் விழவில்லை. அவர் சொன்னதை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தால், அதை என் பெயரில் போடாதீர்கள்.